கத்தரிக்காய்ப் புழுவும் சீனியாரிட்டி லிஸ்டும்

கயிற்றுக் கட்டிலின் மேல் நாற்பத்தொரு அட்டைகளைப் பரப்பி, காற்றில் பறந்துவிடாமலிருக்க அட்டைக்கு ஒரு கத்தரிக்காய் வீதம் வைத்திருந்தேன். உள்ளே போய் டைப்ரைட்டரைத் தூக்கிக்கொண்டு வருவதற்குள், கட்டிலோரமாக என் கணவர் அரிவாள்மனையும் தட்டுமாக உட்கார்ந்திருந்தார். மூன்று அட்டைகள் மொட்டையாகக் கிடந்தன.

"என்ன செய்யுதீங்க?" என்றேன்.

"காய் நறுக்குதேன். ஞாயித்துக்கிழமையாவது ஒரு கை குடுங்கன்னு நீதானே சொல்லுவே?"

"ஐயோ, அது பேப்பர் வெயிட்டுங்க!"

கையிலிருந்த பாதிக் கத்தரிக்காயைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். உள்ளே இளஞ்சிவப்பாக ஒரு புழு, தூக்கம் கலைந்த கோபத்தோடு தலையைத் தூக்கியது.

"பேப்பர் வெயிட்டுக்கு உசிரு இருக்குளா," என்றார்.

டெல்லியில், ராமகிருஷ்ணபுரத்து அரசாங்கக் குவார்ட்டர்ஸில், வீட்டு முன்னாலிருந்த புல்தரையில் நடந்தது இது. குளிர்காலம், காலனியே கட்டிலை வெளியே போட்டு வெயில் காய்ந்துகொண்டிருந்தது. கலர் டெலிவிஷன் வந்ததற்குச் சற்று முன்னாலோ பின்னாலோ. மறுநாள் திங்கட்கிழமை நடந்ததை இந்தத் தொடரில் எழுத வேண்டாமென்றுதான் இத்தனை வாரம் தள்ளிக்கொண்டே வந்தேன்.

எங்கள் வீட்டுக் கத்தரிக்காய்

எங்களுக்கு ஒரே மகள், அகிலா. ஜமுனைக் கரைத் தோட்டங்களில் கத்தரிக்காயைத் துளைக்கிற புழுவைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். மூன்றாவது வருஷம். அதனால் எங்கள் வீட்டில் கத்தரிக்காய் இரண்டு வகைப்படும்: குழம்புக்கு உரியது, புழுவுக்கு உரியது. புழுவுக்கு உரியதன் காம்பில் மைப்பொட்டு வைத்திருப்பாள். கண்ணாடி போடாதபோது என் கணவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

எண்ணெய்க் கத்தரிக்காய்க்காகத் திருநெல்வேலிக்கு ரயிலேறக்கூடிய மனிதர் அவர். மூன்று வருஷமாக ஒவ்வொரு துண்டையும் பிட்டுப் பார்த்துவிட்டே வாயில் வைத்தார்.

அகிலாவின் உதவித்தொகை அந்தப் பங்குனியோடு முடிந்துவிடும். இன்னும் ஒரு வருஷம் நீட்டிக்க வேண்டுமென்றால், ஒரு கட்டுரை எழுதி முடித்துவிட்டாள் என்று அவளுடைய பேராசிரியர் ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். படிவம் வெள்ளிக்கிழமைக்குள் பல்கலைக்கழக ஆபீஸுக்குப் போய்ச் சேர வேண்டும். பேராசிரியரோ திங்கட்கிழமை பிற்பகல் ரயிலில் லக்னோவுக்குக் கிளம்புகிறார். வர மூன்று வாரமாகும். "காலையில கொண்டுவந்து குடு. ரயில்ல படிச்சுட்டு, திருப்தியா இருந்தா கையெழுத்துப் போட்டுத் தபால்ல அனுப்பறேன்," என்று சொல்லியிருந்தார்.

திருப்தியா இருந்தா. அந்த ஒரு சொல்லில்தான் என் மகளின் படிப்பு தொங்கிக்கொண்டிருந்தது. எதற்கும் இருக்கட்டுமென்று அவளுக்குத் தெரியாமல் கிளார்க் பரீட்சை விண்ணப்பம் ஒன்று வாங்கி அரிசி டின்னுக்கு அடியில் வைத்திருந்தேன். என்னால் முடிந்த தைரியம் அவ்வளவுதான்.

கட்டுரை முழுவதையும் நான்தான் டைப் அடித்தேன். ஒரு வாரமாகச் சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்து அடித்து, ஞாயிறன்று மிச்சமிருந்தது கடைசிப் பட்டியல் ஒன்றுதான். ஆராய்ச்சிக் கட்டுரையின் முடிவில், இன்னின்னார் எழுதியதையெல்லாம் படித்துவிட்டுத்தான் இதை எழுதினேன் என்று ஒரு பட்டியல் கொடுக்க வேண்டுமாம். கல்யாணப் பத்திரிகையில் 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்று போட்டு உற்றார் உறவினர் பெயரையெல்லாம் அடுக்குகிறோமே, அதுபோல என்று நானாகப் புரிந்துகொண்டேன்.

அகிலா ஒவ்வொரு நூலுக்கும் ஓர் அட்டை எழுதி, மூலையில் பென்சிலால் எண் போட்டு வைத்திருந்தாள். வரைபடத்துக்கு மை போட்டுக் கொடுக்கிற தோழியைத் தேடி கரோல்பாக் கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னாள்:

"எம்மா, எல்லாம் ஏ டு இஸட் அடுக்கியிருக்கேன். அப்படியே அடி. முதல்ல பேர், அப்புறம் வருஷம், தலைப்பு. பத்திரிகை பேருக்கு அடியில கோடு. அவ்வளவுதான். நீ மூளையை யூஸ் பண்ணாதே, ப்ளீஸ்."

"ஏட்டி, நான் இருபது வருஷமா லிஸ்ட் அடிக்கேன். எனக்குச் சொல்லித் தாரியா?"

"அதான் பயமா இருக்கு," என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடினாள்.

முதலில் மகள், கடைசியில் குரு

தாளைச் செருகி, மூன்று கார்பன் வைத்து, முதல் அட்டையை எடுத்தேன்.

'அகிலா, எஸ்.'

எம்.எஸ்ஸி. படிக்கும்போது இரண்டு பக்கத்துக்கு ஏதோ எழுதியிருந்தாள். அதுவும் பட்டியலில் உண்டாம். பெயர் ஏ-யில் தொடங்குவதால் எல்லாருக்கும் முதலாவதாக வந்து உட்கார்ந்திருந்தாள். கடைசி அட்டையை எடுத்துப் பார்த்தேன். 'ஜுட்ஷி.' அவளுடைய பேராசிரியர். காஷ்மீரத்துக்காரர், அவர் பெயர் ஆங்கிலத்தில் இஸட்டில் தொடங்கும். நாற்பத்தொன்றாவது.

டைப்ரைட்டரிலிருந்து தாளை உருவி எடுத்தேன்.

நான் எந்த செக்ஷனில் வேலை பார்த்தேன் என்று சொன்னால்தான் இது புரியும். ஓர் அமைச்சகத்தின் நிர்வாகப் பிரிவு. எங்கள் பிரிவின் முக்கியமான வேலை சீனியாரிட்டி லிஸ்ட் தயாரிப்பது. யார் யாருக்கு மூத்தவர் என்கிற பட்டியல். பதவி உயர்வு அதை வைத்துத்தான். ஜன்னலோர மேஜை அதை வைத்துத்தான். டெல்லியில் வீடே அப்படித்தான் கிடைத்தது. கேஸ் அடுப்புக்கு ஒரு லிஸ்ட், ஸ்கூட்டருக்கு ஒரு லிஸ்ட், டெலிபோனுக்கு ஒரு லிஸ்ட். புதிதாக அறிமுகமாகிற தமிழர்கள் சொந்த ஊர் எது என்று கேட்ட கையோடு, "டெலிபோனுக்கு எத்தனாவதா இருக்கீங்க?" என்றுதான் கேட்பார்கள்.

அப்படிப்பட்ட ஊரில், அப்படிப்பட்ட செக்ஷனில் இருபது வருஷம் உட்கார்ந்தவள் கையில் ஒரு பட்டியலைக் கொடுத்து மூளையை உபயோகிக்காதே என்றால்?

கன்னாவின் பதினோரு வருஷம்

இங்கே கன்னாவைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும்.

நான் வேலையில் சேர்ந்த புதிதில், கன்னா என்பவரை மல்ஹோத்ரா என்பவருக்குக் கீழே அடித்துவிட்டேன். இருவரும் ஒரே நாளில் சேர்ந்தவர்கள். அப்படி வந்தால் வயதில் மூத்தவரை மேலே போட வேண்டும் என்பது விதி. கன்னா ஒன்பது நாள் மூத்தவர்.

அவர் சண்டை போடவில்லை. தினமும் காலையில் டீ கிளாஸோடு என் மேஜை முன்னால் வந்து நிற்பார். "பஹன்ஜி, ஒம்பது நாள்," என்று சகோதரி முறை வைத்துச் சொல்வார். போய்விடுவார். பதினோரு வருஷம். நடுவில் மனுக்கள் போயின, கமிட்டி உட்கார்ந்தது, ஃபைல் இரண்டு கட்டாகி அதற்குத் தனி அலமாரி வந்தது. மல்ஹோத்ராவே வெறுத்துப்போய் வேறு இலாகாவுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனார். கன்னா விடவில்லை. ஓய்வு பெறும் நாளன்று கழுத்தில் மாலையோடு என்னிடம் வந்து, "ஒம்பது நாள், பஹன்ஜி," என்று கைகூப்பிவிட்டுத்தான் படியிறங்கினார்.

அதற்கப்புறம் நான் ஜாக்கிரதையானேன். அளவுக்கு மீறிய ஜாக்கிரதை. பிறகொரு முறை லிஸ்ட் அடிக்கும்போது, நானும் இன்னொருத்தியும் ஒரே நாளில் சேர்ந்தவர்களாக வந்தோம். நான் இரண்டு மாதம் மூத்தவள். ஆனாலும் அவளை மேலே போட்டு என்னைக் கீழே அடித்தேன். அடிக்கிறவளே தன் பெயரை மேலே போட்டுக்கொண்டாள் என்று நாளைக்கு யாரும் சொல்லிவிடக் கூடாதில்லையா? ஒருவரும் கேட்கவில்லை. கடைசியில் அவள் எனக்கு ஆபீஸர் ஆனாள்.

அண்ணாச்சியின் தீர்ப்பு

கட்டிலுக்குத் திரும்புகிறேன். பெற்ற பெண்ணை முதலிலும் அவள் குருவைக் கடைசியிலும் போட்டு ஒரு பட்டியல். அடிப்பது அந்தப் பெண்ணின் தாய். கையெழுத்துப் போட வேண்டியவர் அந்தக் குரு. எந்த ஆபீஸிலும் இதற்குப் பெயர் தற்கொலை.

"நீங்களாவது சொல்லுங்க," என்றேன் கணவரிடம்.

"இஸட்டுல பேரு வச்சது அவரோட தாத்தா. அதுக்கு நீ என்ன செய்வே?" என்றவர், புழுவை மறுபடி கத்தரிக்காய்க்குள் விட முயன்றுகொண்டிருந்தார். அது போக மறுத்தது.

மேல்வீட்டுப் பரமசிவம் அண்ணாச்சி அந்த நேரத்தில் சட்டையில்லாமல் எண்ணெய் தேய்த்துக்கொண்டு வெயிலுக்கு இறங்கி வந்தார். எங்கள் காலனித் தமிழ்ச் சங்கத்தின் செயலாளர். பொங்கல் விழா அழைப்பிதழில் யாருக்குத் தலைமை, யாருக்கு முன்னிலை, யாருக்கு வாழ்த்துரை என்று போட்டுப் போட்டு முடி கொட்டியவர். அவரிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"கடைசிப் பேரா?" அண்ணாச்சி தேய்ப்பதை நிறுத்திவிட்டார். "எம்மா, அழைப்பிதழ்ல கடைசியில வாரது நன்றியுரை. மைக்கு செட்டுக்காரன் வயரைச் சுத்துதப்பம் பேசுதவன். ஒரு புரொபசரைக் கொண்டுபோய் அங்கயா போடுதது? போன வருஷம் ஒரு டைரக்டரை முன்னிலைக்குப் பதிலா வாழ்த்துரையில போட்டுட்டேன். இன்னைக்கு வரைக்கும் மனுசன் மார்க்கெட்டுல என்னையப் பாத்தா வெண்டைக்காயைப் பாக்க ஆரம்பிச்சிருதாரு."

"அகிலா ஏ டு இஸட்டுன்னு சொன்னாளே அண்ணாச்சி."

"பிள்ளைக்கு உலகம் தெரியாது. உனக்குமா தெரியாது?"

தெரியும். அகிலா போட்ட பென்சில் எண்களையெல்லாம் ரப்பரால் அழித்தேன்.

பேராசிரியர் ஜுட்ஷி முதலிடம். அதில் சந்தேகமில்லை. மற்றவர்களுக்கு, அட்டையிலிருந்த வருஷத்தையே பணியில் சேர்ந்த தேதியாக வைத்துக்கொண்டேன். பழைய வருஷம் மேலே. சுதந்திரத்துக்கு முந்திய ஓர் ஆங்கிலேயர் இருந்தார். அவரை 'ஓய்வு பெற்றோர்' என்று தனித் தலைப்பில் போட்டிருப்பேன். அகிலா திட்டுவாளே என்று விட்டுவிட்டேன். ஒரே வருஷத்தில் எழுதிய இரண்டு ஜப்பானியர்கள்தான் என்னை அரைமணி நேரம் படுத்தினார்கள். பிறந்த தேதி தெரிந்தால் விதிப்படி செய்யலாம். கன்னா முகம் வேறு கண்ணில் வந்தது. கடைசியில், கட்டுரை அதிகப் பக்கம் இருந்த ஜப்பானியரை மேலே போட்டேன்.

அகிலாவை எல்லாருக்கும் கீழே, நாற்பத்தொன்றாவதாக, அடக்கமாக அடித்தேன். அட்டைகளின் மூலையில் புதிய எண்களைப் பென்சிலால் எழுதி ரப்பர் பேண்ட் போட்டு வைத்தேன். என் வாழ்க்கையில் இத்தனை அழகான லிஸ்ட் அடித்ததில்லை.

அடைப்புக்குறிக்குள் ஒன்று

திங்கட்கிழமை காலை அகிலா ஒரு கையில் தோசையும் மறு கையில் சீப்புமாகக் கட்டுரையைப் புரட்டினாள். வரைபடம் நேராக ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தாள். கடைசிப் பக்கத்தில் நாற்பத்தொன்று என்ற எண்ணையும், வரிசையாகப் போட்ட கோடுகளையும் பார்த்து, "ஃபர்ஸ்ட் கிளாஸ், எம்மா," என்றாள். படிவத்தையும் கட்டுரையோடு சேர்த்துக் குத்திக்கொண்டு பஸ் பிடிக்க ஓடினாள். நான் செய்ததைச் சொல்லவில்லை. பேராசிரியர் பார்த்துப் பூரித்துப்போய் அவளிடம் சொல்லட்டும், அவளே வந்து கேட்கட்டும் என்று இருந்தேன்.

கார்பன் பிரதி ஒன்றை ஆபீஸுக்கு எடுத்துப் போனேன். பெருமைதான், வேறென்ன. மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் பக்கத்து மேஜை கமலேஷிடம் காட்டினேன்.

"பொண்ணு என்ன எழுதியிருக்கா? படிச்சுச் சொல்லுங்க," என்றாள் கமலேஷ், ரொட்டியைக் கிழித்துக்கொண்டே.

இங்கே டைப்பிஸ்டுகள் அனைவரும் அறிந்த ரகசியம் ஒன்றைச் சொல்கிறேன். நாங்கள் அடிப்பதைப் படிப்பதில்லை. எழுத்து கண் வழியாக வந்து விரல் வழியாகப் போய்விடும். நடுவில் எங்கும் தங்காது. ஒரு வாரம் அடித்த கட்டுரையை அன்றுதான் முதல்முதலாகப் படித்தேன். ஏழாம் பக்கத்தை அவளுக்கு இந்தியில் சொல்லிக்கொண்டு வந்தேன்.

"இந்தப் புழுக்களை முன்பு எண்ணியவர், அடைப்புக்குறிக்குள் ஒன்று, அவசரத்தில் எண்ணியிருக்கிறார். பார்த்த காய்களும் போதாது. இந்தக் கணக்கை நம்புவதற்கில்லை."

"யார் அந்த ஒண்ணாம் நம்பர்? பாவம்," என்று கமலேஷ் சிரித்தாள்.

நானும் சிரித்துக்கொண்டேதான் கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன்.

அடைப்புக்குறிக்குள் இருந்த எண்களெல்லாம், எங்கள் ஃபைலில் ஓரத்தில் போடுகிற பக்க எண் மாதிரி ஏதோ என்று நினைத்திருந்தேன். அவை பட்டியலின் எண்கள். ஒன்று என்றால் பட்டியலில் ஒன்றாவது ஆள். அகிலா தன்னுடைய பழைய இரண்டு பக்கக் கட்டுரையைத் தானே குறை சொல்லிக்கொண்டிருக்கிறாள். நான் ஒன்றாவது இடத்தில் அவள் குருவை உட்கார்த்தி வைத்திருந்தேன்.

வேகவேகமாகப் பக்கங்களைப் புரட்டினேன். பன்னிரண்டாம் பக்கம்: "நாற்பத்தொன்று பல ஆண்டுகள் பொறுமையோடு உழைத்துப் போட்ட அடித்தளத்தின் மேல்தான் இக்கட்டுரை நிற்கிறது. அந்த மேதைமைக்கு இந்தத் துறையே கடன்பட்டிருக்கிறது."

நாற்பத்தொன்று, அகிலா, எஸ்.

"ஹாய் ராம்," என்றாள் கமலேஷ். "குருவைத் திட்டிட்டு, தன்னை மேதைன்னு எழுதியிருக்காளா உங்க பொண்ணு?"

மணி ஒன்றேகால். ரயில் இரண்டரைக்கு. எழுந்து ஓடியிருக்க வேண்டும். ஆனால் இருபது வருஷப் பழக்கம்; அரைநாள் லீவுக்கு விண்ணப்பம் எழுதி, காரணம் என்ற இடத்தில் என்ன போடுவது என்று யோசித்து, 'குடும்ப அவசரம்' என்று எழுதி, சூப்பரின்டெண்டென்ட் மேஜையில் பேப்பர் வெயிட்டுக்கு அடியில் வைத்துவிட்டுத்தான் ஓடினேன்.

எழுபத்திரண்டாவது பெர்த்

பேராசிரியரை நான் பார்த்ததே இல்லை. புது டெல்லி ஸ்டேஷனில் ரயில் நின்றுகொண்டிருந்தது. பெட்டிக்குப் பெட்டி கதவோரம் ஒட்டியிருந்த ரிசர்வேஷன் சார்ட்டை விரலால் தடவிக்கொண்டே போனேன். ஆறாவது பெட்டியில் கிடைத்தார். ஜுட்ஷி. பெர்த் எழுபத்திரண்டு. பெட்டியிலேயே கடைசி, கழிப்பறைக்குப் பக்கத்தில்.

மஃப்ளர் சுற்றிய சிறு உருவம். மடியில் ஆரஞ்சுத் தோல்கள். தோல்களுக்கு அடியில் எங்கள் கட்டுரை. கையில் சிவப்புப் பென்சில்.

"ஜுட்ஷி ஸாஹிப்? நான் அகிலாவோட அம்மா."

சட்டென்று எழுந்தார், மேல் பெர்த்தில் தலை இடித்துக்கொண்டது. "உட்காருங்க, பஹன்ஜி. அகிலாவுக்கு உடம்பு சரியில்லையா?"

"அவ நல்லா இருக்கா, ஸாஹிப். எனக்குத்தான் சரியில்லை."

என்னுடைய இந்தி ஆபீஸ் இந்தி. லீவு, மாற்றல், பதவி உயர்வு, இவற்றுக்கு மேல் சொற்கள் கிடையாது. இருந்ததை வைத்துக்கொண்டு, அவருக்கு உரிய தகுதியைக் கருதி அவரை நாற்பத்தொன்றிலிருந்து ஒன்றுக்குப் பதவி உயர்வு செய்ததையும், மகளைப் பதவி இறக்கம் செய்ததையும், ஜப்பானியர் விவகாரத்தையும், அதனால் கட்டுரையின் பொருளே தலைகீழானதையும் சொன்னேன். எதிர் சீட்டுக்காரர் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டுக் கேட்டார்.

"படிச்சுட்டீங்களா, ஸாஹிப்?"

"ரெண்டு தடவை. ஸ்டேஷனுக்குச் சீக்கிரமே வந்துட்டேன்."

"கோபமா?"

"முதல் தடவை ரொம்பக் கோபம். படிவத்தைக் கிழிச்சுடலாம்னு கையில எடுத்தேன்." இன்னோர் ஆரஞ்சை எடுத்து என்னிடம் நீட்டினார். "ரெண்டாவது தடவை படிச்சப்போ, பொண்ணு சொல்றது சரிதானேன்னு பட்டது. அந்த வருஷம் எனக்குக் கல்யாணம். அவசரமாத்தான் எண்ணினேன். இத்தனை வருஷத்துல ஒருத்தரும் கண்டுபிடிக்கலை. இவ கண்டுபிடிச்சுட்டாளேன்னு பெருமையாக்கூட இருந்தது."

"இல்லை ஸாஹிப்! சத்தியமா அவ உங்களைச் சொல்லலை. தன்னைத்தான் சொல்லிக்கிட்டா."

அவர் முகம் சற்று வாடியது. "அப்போ என் கணக்கு தப்புன்னு அவளுக்குத் தெரியாதா?"

"தெரியவே தெரியாது, ஸாஹிப்."

"தெரிஞ்சிருக்கணுமே," என்றார், ஏமாற்றத்தோடு.

மகளைக் காப்பாற்றிவிட்டேனா, மாட்டிவிட்டேனா என்று எனக்குப் புரியவில்லை. அவர் பட்டியலைப் பிரித்துச் சிவப்புப் பென்சிலால் தன் பெயரைத் தட்டினார்.

"ஆனா இதைத்தான் என்னால தாங்க முடியலை. என்னை ஏன் முதல்ல போட்டீங்க? பத்திரிகை ஆசிரியர் என்ன நினைப்பார்? ஜுட்ஷி ஒரு மாணவியை மிரட்டித் தன் பேரை மேலே போட வெச்சுட்டான்னு சிரிக்க மாட்டாரா? பஹன்ஜி, நான் இஸட். ஸ்கூல்ல அட்டெண்டன்ஸ் கடைசி. அம்மை ஊசி வரிசையில கடைசி. என் முறை வர்றதுக்குள்ள மருந்து தீர்ந்துபோயிடும். எனக்கு அது பழகிப்போச்சு. ரொம்ப சௌகரியம். இத்தனை வயசுக்கு மேல என்னைக் கொண்டுபோய் முன்னால நிறுத்தறீங்களே!"

அப்போதுதான் ஜன்னலுக்கு வெளியே சுண்டல்காரன் பின்னோக்கி நகர்ந்துகொண்டிருப்பதைக் கவனித்தேன். நகர்ந்தது அவனல்ல.

காஜியாபாத் வரை

"காஜியாபாத்துல நிக்கும்," என்றார் எதிர் சீட்டுக்காரர். அழலாமா என்று யோசித்தேன். பேராசிரியர் அதற்கு நேரம் கொடுக்கவில்லை. அவர் பெயர் பெயராகப் படிக்க, நான் கார்பன் பிரதியின் பின்பக்கத்தில் ஏ டு இஸட் எழுதினேன். ஜமுனைப் பாலத்தைத் தாண்டும்போது எம் வரை வந்திருந்தோம். டிக்கெட் பரிசோதகர் வந்து நின்றார்.

"மாதாஜி, டிக்கெட்?"

பேராசிரியர் என்னை முந்திக்கொண்டார். "இவங்க என் மாணவியோட அம்மா. லிஸ்டுல என்னைத் தப்பா முதலாவதாப் போட்டுட்டாங்க. அதைத் திருத்தத்தான் ஓடி வந்தாங்க."

பரிசோதகர் தன் சார்ட்டைப் புரட்டினார். "நீங்க எழுபத்திரண்டுதான், ஸாஹிப். கடைசியாத்தான் இருக்கு. யார் மாத்தினது?"

"பாருங்க," என்றார் பேராசிரியர் என்னிடம், "ரயில்வேக்குத் தெரியுது."

பரிசோதகர் என் டிக்கெட்டை மறந்து அடுத்த பெட்டிக்கு நகர்ந்தார். பட்டியல் முடிந்ததும் பேராசிரியர் படிவத்தை எடுத்து மடியில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். பெட்டி குலுங்கியதில் அது எறும்பு நடந்தது போல் விழுந்தது.

"ஸாஹிப், கையெழுத்து நடுங்கியிருக்கு. ஒத்துப்போகலைன்னு ஆபீஸ்ல திருப்பி அனுப்பிடுவாங்க," என்றேன். வாயை மூடிக்கொண்டிருக்கத் தெரியாத ஜென்மம்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கீழே, 'மேற்கண்ட கையெழுத்து ஓடும் ரயிலில் இடப்பட்டது' என்று எழுதி, அதற்குச் சாட்சியாக இன்னொரு கையெழுத்துப் போட்டார். அது முதலாவதைவிட அதிகமாக நடுங்கியது. எனக்குத் திருப்தியாயிற்று.

"பட்டியலை மட்டும் திருப்பி அடிச்சுப் பத்திரிகைக்கு அனுப்பச் சொல்லுங்க," என்று கட்டுரையையும் படிவத்தையும் என்னிடம் கொடுத்தார். "அப்புறம், அடுத்த பருவத்துல என் பழைய கணக்கை அகிலா திரும்ப எண்ணிப் பார்க்கணும். நான் சொன்னேன்னு சொல்லுங்க."

காஜியாபாத்தில் இறங்கி, இரண்டு பஸ் மாறி, விளக்கு வைக்கிற நேரத்துக்கு வீடு வந்து சேர்ந்தேன்.

அகிலா கேட்டது

எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை. முதலில் அகிலா வெளுத்துப்போனாள். படிவத்தில் கையெழுத்தைப் பார்த்ததும் மூச்சு விட்டாள். ஊசி வரிசையைச் சொன்னபோது சிரிக்கத் தொடங்கினாள். பரிசோதகர் சார்ட்டைப் புரட்டியதைச் சொன்னபோது தரையில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அவள் அப்பா, "உங்கம்மாவுக்கு ரயில்வேயில வேலை வாங்கிக் குடுத்துரலாம்," என்றார். தப்பித்துவிட்டோம் என்று நானும் சிரித்தேன்.

சிரித்துக்கொண்டே அகிலா நான் அடித்த பட்டியலை எடுத்துப் பார்த்தாள். மேலிருந்து விரலை ஓட்டிக்கொண்டு வந்தாள். அடியில் வந்ததும் விரல் நின்றது. சிரிப்பும் நின்றது.

"எம்மா, ஸாருக்கு அவமானமாகும்னு உனக்குத் தெரியாது. ஓகே. என்னைக் கடைசியில போட்டது தெரிஞ்சுதானே போட்டே?"

"நம்ம பிள்ளைய நாமளே முதல்ல போட்டா நல்லாவா இருக்கும்? நாளைக்கு யாரும் ஒண்ணும் சொல்லிரக் கூடாதேன்னுதான்..."

"அந்த நாளைக்கு இன்னைக்குத்தானே வந்து போச்சு. யாரும் ஒண்ணும் சொல்லலியே. யாரும் சொல்றதுக்கு முந்தி நீயே பண்ணிட்டியே."

"ஏட்டி, உன் நல்லதுக்கு..."

"யாரும் குடுத்த இடமில்லை, எம்மா. தானா வந்த இடம்," என்றாள். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் பதிலுக்கு நானும் உயர்த்தியிருப்பேன்.

அவள் அப்பா படிவத்தை எடுத்து அலமாரியில் பத்திரமாக வைத்தார்.

உதவித்தொகை நீட்டிக்கப்பட்டது, கட்டுரையும் வெளிவந்தது. அதெல்லாம் பிறகு. மறுநாள் சாயங்காலம் நான் டைப்ரைட்டர் முன்னால் உட்கார்ந்ததும், அவள் ஸ்டூலைப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கூப்பிடவில்லை, வந்து உட்கார்ந்தாள். அட்டைகளில் நான் எழுதிய எண்களை ஒவ்வொன்றாக அழித்து மறுபடி எழுதியிருந்தாள். இரண்டாவது அட்டையிலிருந்து அவளே உரக்கப் படிப்பதாகச் சொன்னாள். தன் பெயரிருந்த முதல் அட்டையை மட்டும் படிக்காமல் என் எதிரே வைத்தாள்.

அடித்தேன். மூன்று கார்பனிலும் பதிய வேண்டுமென்றோ என்னவோ, விரல் அதிகமாக அழுத்திவிட்டது. எஸ்ஸுக்குப் பிறகு வைத்த புள்ளி தாளைத் துளைத்துக்கொண்டு போய்விட்டது.

"ஓட்டை விழுந்துருச்சு. வேற தாள் போடட்டா?" என்றேன்.

அகிலா குனிந்து பார்த்தாள்.

"இருக்கட்டும். ரெண்டாவதை அடி," என்றாள்.